அவளுக்கும் ஓர் அணி இருந்தது



என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். காதலியை அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கல்லூரி வீரரை அணி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி, அமெரிக்க அனுபவத்தை வைத்துப் பேசலாம் என்றிருக்கிறேன் என்றேன். சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, "அது அமெரிக்கா விஷயமாச்சே மேடம், நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். முப்பத்தொரு ஆண்டு விசிலும் கையுமாக மைதானத்தில் நின்றவள் நான். என் வேலையில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதைப் படிக்கப் பதிவுகள் தேடியபோது கிடைத்தவை பெரும்பாலும் அந்த நாட்டுப் பதிவுகள். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது தொலைக்காட்சியும் கோடிக்கணக்கான டாலரும் புரளும் தொழில். ஆகவே தவறுகளும் பெரிதாக நடந்தன, அவை எழுதியும் வைக்கப்பட்டன.

நெப்ராஸ்காவிலிருந்து தொடங்குகிறேன். சோளம் விளையும் மாநிலம். அதன் தலைநகர் லிங்கன். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் 1962 நவம்பரிலிருந்து ஒரு போட்டிக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது அவர்கள் கணக்கு. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் அந்த அரங்கமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊராகிவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கால்பந்து என்றால் நாம் ஆடும் கால்பந்து என்று எண்ணிவிடாதீர்கள். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூம்பிய பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம்.

1995 செப்டம்பர் 9, சனிக்கிழமை. மிச்சிகன் ஸ்டேட் அணியை அவர்கள் ஊரிலேயே வைத்து 50-10 என்று நெப்ராஸ்கா வென்றது. லாரன்ஸ் பிலிப்ஸ் என்ற இருபது வயது மாணவர் அன்று 206 கெஜம் ஓடினார். நான்கு டச்டவுன், நம் கணக்கில் கோல் மாதிரி. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குத்தான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். அணி ஊர் திரும்பியது. ஞாயிறு விடிவதற்குள் பிலிப்ஸ் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடிப் பால்கனிக்கு ஏறி ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். சக ஆட்டக்காரர் ஒருவரின் வீடு. உள்ளே பிலிப்ஸின் முன்னாள் காதலி இருந்தார். அவரை அடித்து, மாடிப்படி வழியே இழுத்துக்கொண்டு போனார்.

பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் முதலில் பிலிப்ஸை அணியிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்னார். சில நாளில் அது நீக்கம் என்பதிலிருந்து இடைநீக்கம் ஆனது. அக்டோபர் இறுதியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார். பிலிப்ஸ் ஆடாமல் போனவை 6 ஆட்டங்கள். நவம்பர் 4-ஆம் தேதி மீண்டும் களமிறங்கினார். தாக்குதலுக்கும் அத்துமீறி நுழைந்ததற்கும் போடப்பட்ட சிறு குற்ற வழக்குகளை எதிர்த்து வாதாடாமல் ஏற்றார். நன்னடத்தைக் கண்காணிப்போடு வழக்கு முடிந்தது. 1996 ஜனவரி 2-ஆம் தேதி தேசியப் பட்டத்துக்கான ஃபீஸ்டா கோப்பை ஆட்டத்தில் புளோரிடாவை நெப்ராஸ்கா 62-24 என்று நசுக்கியபோது, பிலிப்ஸ் 165 கெஜம் ஓடி மூன்று டச்டவுன் எடுத்தார்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் வழக்கமாக, பட்டத்துக்காகப் பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார் என்று முடித்துவிடுவார்கள். நான் அப்படி முடிக்க மாட்டேன். பிலிப்ஸ் இல்லாத அந்த 6 ஆட்டங்களையும் நெப்ராஸ்கா வென்றது. அவருடைய இடத்தில் ஓடுவதற்கு அகமான் கிரீன் என்ற முதலாண்டு மாணவர் இருந்தார். நன்றாகவே ஓடினார். பட்டம் வாங்க பிலிப்ஸ் தேவைப்படவில்லை. ஆஸ்போர்ன் கல்வி உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், நிதானமானவர் என்று பெயரெடுத்தவர். அவர் சொன்ன காரணம் வேறு. சிறு வயதிலேயே வீடு இழந்து காப்பக இல்லங்களில் வளர்ந்த பையன். நேரத்துக்கு எழுவது, நேரத்துக்குச் சாப்பிடுவது, ஒருவர் பேச்சைக் கேட்பது என்ற ஒழுங்கு அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் அணிதான். அதையும் பிடுங்கிவிட்டால் அவன் எங்கே போவான்?

உடற்கல்வி ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்த வாதம் உங்கள் நெஞ்சைத் தொடும் என்று எனக்குத் தெரியும். என் நெஞ்சையும் தொட்டது. காலை டிபன் சாப்பிடாமல் வரும் பையனுக்கு நம் காசில் முட்டை வாங்கிக் கொடுத்தவர்கள் நாம். மைதானம் இல்லாவிட்டால் கெட்டுப்போயிருப்பான் என்று நம்மால் ஆளுக்கு நாலு பெயர் சொல்ல முடியும்.

ஆனாலும் அந்த வாதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. அணி என்று ஆஸ்போர்ன் சொன்னதற்குள் பல பொருள்கள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. படிப்புக்கான உதவித்தொகை ஒன்று. சாப்பாடு, தங்குமிடம், மனநல ஆலோசனை, அக்கறையோடு விசாரிக்கும் பெரியவர்கள் என்பவை இன்னொன்று. பல்லாயிரம் பேர் கைதட்ட, சீருடையோடு சனிக்கிழமை வெளியே ஓடி வருவது மூன்றாவது. அந்தப் பையனைத் தாங்கிப் பிடித்தவை முதல் இரண்டும். அவற்றை வைத்துக்கொண்டே மூன்றாவதை ஓராண்டு நிறுத்தியிருக்க முடியும். காலையில் எழுப்பவும், ஆலோசகரிடம் அனுப்பவும், தேர்வு எழுத வைக்கவும் ஃபீஸ்டா கோப்பை எதற்கு?

பிலிப்ஸின் பிற்கால வாழ்க்கையை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1996-ல் தொழில்முறை அணி ஒன்று அவரை ஆறாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஓராண்டு சொச்சத்தில் வெளியே அனுப்பியது. பிறகு பல அணிகள், பல வழக்குகள். லாஸ் ஏஞ்சலஸில் தெரு ஆட்டம் ஒன்றில் வந்த தகராறில் சிறுவர்கள் மீது காரை ஏற்றியதற்காகவும், இன்னொரு காதலியைத் தாக்கியதற்காகவும் நீண்ட சிறைத் தண்டனை. 2016 ஜனவரியில் கலிபோர்னியச் சிறையில் தற்கொலை செய்துகொண்டு இறந்தபோது வயது 40. சக கைதியைக் கொன்றதாக ஒரு வழக்கும் அப்போது நடந்துகொண்டிருந்தது. திரும்பச் சேர்த்துக்கொண்டதால் இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. பையனைக் காப்பாற்றத்தான் செய்தோம் என்ற வாதத்தை எடை போடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை பிலிப்ஸைப் பற்றியும் ஆஸ்போர்னைப் பற்றியும்தானே பேசினேன்? முப்பது ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதியவர்களும் இப்படித்தான் எழுதினார்கள். படிப்பவர் கண்ணில் படாமல் போகும் ஒரு செய்தி அந்தப் பத்திரிகைகளிலேயே ஒரு ஓரத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணும் நெப்ராஸ்காப் பல்கலைக்கழக மாணவி. மாணவி மட்டுமா? அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீராங்கனை.

இதை முதலில் படித்தபோது பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். மைதானத்தில் நின்றவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு அணிகள் என்றால் எடைப் பயிற்சிக் கூடம், பிசியோ அறை, வீரர்களுக்கான சாப்பாட்டுக் கூடம், படிப்புக்கு உதவும் ஆசிரியர்கள் எல்லாமே பெரும்பாலும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து இருக்கும். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று நாடே விவாதித்தது. அவள் எந்த நேரத்தில், யாரைக் கடந்து, பயிற்சிக்குப் போவாள் என்ற கேள்வி அந்த விவாதத்தில் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன். அணி அவனுக்கு வீடு என்றால் அவளுடைய அணி அவளுக்கு என்ன?

ஒரு விந்தையும் உண்டு. அமெரிக்காவில் 1972-ல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. அதன் மைய வாக்கியத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் பெண்களுக்குக் கூடைப்பந்து அணியும் உதவித்தொகையும் கிடைத்தது அந்தச் சட்டத்தால்தான். இன்று கல்லூரி வளாகத்தில் பாலியல் வன்முறைப் புகாரும் காதலுறவில் நடக்கும் வன்முறைப் புகாரும் விசாரிக்கப்படுவதும் அதே சட்டத்தின் கீழ்தான். அவளை மைதானத்துக்குக் கொண்டுவந்த சட்டமே அவளை அங்கே காக்கவும் வேண்டியிருக்கிறது.

சொல்லைப் பற்றி இங்கே ஒரு நிமிடம். குடும்ப வன்முறை என்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் விஷயத்தில் அந்தச் சொல் பொருந்தவில்லை. குடும்பம் எங்கே இருக்கிறது? தனித்தனி அறையில் வாடகைக்கு இருக்கும் இருவர். தமிழில் இதற்கு இன்னும் நிலைத்த சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் சட்டமும் தடுமாறும். நம் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிற அல்லது வாழ்ந்த உறவுகளைத்தான் பார்க்கிறது. தனித்தனியே விடுதியில் இருக்கும் காதலர்களுக்கு அதில் இடமில்லை. வர்ஜீனியா மாநிலச் சட்டமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. சேர்ந்து வாழாத காதலனுக்கு எதிராக ஒரு பெண் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை வாங்குவது அங்கே மிகக் கடினம். அது 2011-ல் மாறியது. ஏன் அந்த ஆண்டில் மாறியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

2010 மே 3. வர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவி யார்ட்லி லவ் தன் அறையில் இறந்து கிடந்தார். வயது 22. பட்டம் வாங்க இன்னும் சில வாரங்களே இருந்தன. இன்று நான் பேசும் பெண்களில் இவர் ஒருவர் பெயரைத்தான் சொல்கிறேன், அவருடைய குடும்பமே அந்தப் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கியிருப்பதால். நுனியில் வலைப்பை கட்டிய கம்பால் பந்தை ஏந்தி எறியும் லக்ராஸ் என்ற ஆட்டம் அவருடையது. சீருடை எண் 1. கொன்றவர் ஜார்ஜ் ஹியூக்லி, அதே பல்கலைக்கழக ஆண்கள் லக்ராஸ் அணியில் இறுதியாண்டு. 2012-ல் நடுவர் குழு அவரை இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்றது. தண்டனை 23 ஆண்டு.

இந்த வழக்கில் அணி என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், முதலில் ஒரு சங்கடமான பதில் வரும். கொலை நடக்கும்வரை அணி நிர்வாகத்திடம் புகார் என்று எதுவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட வீரர் என்று ஒருவரே இல்லை. ஆனால் விசாரணையில் என்னென்ன வந்தது பாருங்கள். சில மாதங்களுக்கு முன் ஹியூக்லி யார்ட்லியின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து ஒருவர் ஓடிப்போய் விலக்கியிருக்கிறார். கொன்றிருக்க வேண்டும் என்ற பொருளில் அவர் அவளுக்கு மின்னஞ்சலே அனுப்பியிருக்கிறார். குடித்துவிட்டு அவர் எப்படி மாறுவார் என்பது இரு அணிகளிலும் உள்ள நண்பர்களுக்குத் தெரியும். தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் செய்தி. சேர்த்துப் படிக்க ஆளில்லை.

அதற்கும் முன்னால், 2008-ல் லெக்சிங்டன் என்ற ஊரில் குடிபோதைக்காகவும் போலீசை எதிர்த்ததற்காகவும் ஹியூக்லி கைதானார். அவரை அடக்க ஒரு பெண் அதிகாரி மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஒரு மணி நேரக் கார்ப் பயண தூரத்தில் நடந்த இது பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. கைதானால் மாணவரே வந்து சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. அவர் சொல்லவில்லை. கொலைக்குப் பிறகு, பருவத் தொடக்கத்தில் எல்லா மாணவரும் கைது விவரத்தைத் தாமே அறிவிக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். சொன்னால் நட்டப்படப்போகிறவனையே சொல்லச் சொல்லும் விதி அது. அதை இறுக்கினால் என்ன, தளர்த்தினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

யார்ட்லியின் தாயும் அக்காவும் தொடங்கிய ஒன் லவ் அமைப்பு இதைவிடப் புத்திசாலித்தனமான இடத்தில் கை வைத்தது. பயிற்சியாளரையும் நிர்வாகத்தையும் விட்டுவிட்டு அறைத் தோழிகளிடமும் சக ஆட்டக்காரர்களிடமும் போனது. 2014-லிருந்து அவர்கள் ஒரு குறும்படத்தைக் கல்லூரி கல்லூரியாகக் காட்டி, பார்த்த பிறகு மாணவர்களைப் பேச வைக்கிறார்கள். ஒருவன் தன் காதலியின் கைபேசியைச் சோதிப்பதும், அவள் பயணத் திட்டத்தைத் தீர்மானிப்பதும் எங்கே போய் முடியும் என்பதைச் சக ஆட்டக்காரன்தான் முதலில் பார்க்கிறான். ஓய்வறையில் கேலியாகப் பேசப்படுவதைப் பயிற்சியாளர் எங்கே கேட்கப் போகிறார்?

செய்தி மேசைக்கு வராதது வர்ஜீனியா. மேசை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது லூசியானா ஸ்டேட். 2018-ல் அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஒருவர், காதலியை அடித்துவிட்டதாக விளையாட்டுத் துறையின் மூத்த அதிகாரி ஒருவருக்கே குறுஞ்செய்தி அனுப்பினார். அதிகாரி அதைப் போலீசுக்கும் சொல்லவில்லை, டைட்டில் நைன் அலுவலகத்துக்கும் அனுப்பவில்லை. பத்திரிகைகள் தோண்டிய பிறகு பல்கலைக்கழகம் ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தது. 2021 மார்ச்சில் அறிக்கை வெளியானது. புகார்களைக் கையாளப் போதுமான ஆட்களையே பல்கலைக்கழகம் வைத்திருக்கவில்லை என்பது அதன் சாரம். அந்த அதிகாரிக்கு 30 நாள் சம்பளமில்லா இடைநீக்கம். அந்த ஆண்டே லூசியானா சட்டமன்றம், தெரிந்தும் புகாரை மேலே அனுப்பாத கல்லூரி ஊழியருக்கு வேலை போகும் என்று சட்டம் போட்டது. முப்பது நாளைப் பார்த்து வந்த கோபம்தான் அந்தச் சட்டம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காதலி யார் என்கிறீர்களா? அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் வீராங்கனை.

கூடைப்பந்து, லக்ராஸ், டென்னிஸ்.

இனி எதிர்ப்பக்கம் வருகிறேன். சட்ட மாணவர்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. 2023 டிசம்பரில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கூடைப்பந்து வீரர் மீது கான்சஸ் மாநிலத்தில் பாலியல் குற்ற வழக்கு பதிவானது. காதலுறவில் நடந்ததாகச் சொல்லப்பட்டது அல்ல, மதுக்கூடத்தில் ஒரு பெண்ணிடம் அத்துமீறியதாகப் புகார். பல்கலைக்கழகம் உடனே அவரை ஆடவிடாமல் நிறுத்தியது. அவர் கூட்டாட்சி நீதிமன்றம் போனார். ஜனவரியில் நீதிபதி பல்கலைக்கழகத்தின் நிறுத்த ஆணைக்குத் தடை விதித்தார். ஆட்டக்காரருக்கு இன்று விளம்பர வருமானம் இருக்கிறது, தொழில்முறை அணிக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது, முறையான விசாரணைப் பாதுகாப்பு இல்லாமல் அவற்றைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பின் போக்கு. அவர் ஆடினார். அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை போனது. ஜூன் மாதம் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. விடுதலையானவர் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

அவர் இழந்தவை எத்தனை ஆட்டங்கள் தெரியுமா? 6. குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாத பிலிப்ஸுக்கும் 6, குற்றமற்றவர் என்று விடுதலையானவருக்கும் 6. ஆட்டக் கணக்கில் நியாயத்தை அளந்தால் இப்படித்தான் வரும். தொழில்முறை ஆட்டத்தில், 2014-ல், ரே ரைஸ் என்ற வீரர் தன் வருங்கால மனைவியை லிப்டுக்குள் அடித்ததற்கு முதலில் கொடுத்த தண்டனை 2 ஆட்டம். செப்டம்பரில் அந்த லிப்டுக் காணொளி வெளியானதும் அது காலவரையற்ற தடையானது. அதே ஆண்டு ஓக்லஹோமாவில் ஒரு மாணவ வீரர் ஒரு பெண்ணின் முகத்தில் குத்தி எலும்பை முறித்தார். அதிகாரிகளும் பயிற்சியாளரும் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் ஓராண்டு விலக்கி வைத்து, பிறகு ஆடவிட்டார்கள். 2016 டிசம்பரில் ஊரே அதைப் பார்த்த பிறகு, இன்றைக்கு என்றால் நீக்கம்தான் என்று பயிற்சியாளர் சொன்னார். குத்து ஒன்றுதான். பார்த்தவர்களின் எண்ணிக்கைதான் கூடியது.

புகார் திரும்பப் பெறப்படுவதும் உண்டு. 2014-ல் ஜார்ஜியாப் பல்கலைக்கழகம் காதலியைத் தாக்கிய வழக்கில் கைதான தடுப்பாட்டக்காரர் ஒருவரை நீக்கியது. அடுத்த ஜனவரியில் அலபாமாப் பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொண்டது. மார்ச்சில் இன்னொரு பெண்ணின் புகாரில் மறுபடி கைது, உடனே நீக்கம். இரண்டொரு நாளில் அந்தப் பெண் தான் சொன்னது உண்மையல்ல என்றார். போலீஸ் அவர் மீதே பொய்ப்புகார் வழக்குப் போட்டது. அலபாமா அந்த வீரரைத் திரும்ப அழைக்கவில்லை. இங்கே யாரை நம்புவது? பயத்தால் வாபஸ் வாங்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பொய் சொன்னவரையும் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். தூரத்தில் இருந்துகொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியும் என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. அலபாமாவின் குழப்பத்திலிருந்து ஒரு நல்லது பிறந்தது. அவர்கள் ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பு 2015 மே மாதம், குடும்ப வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஒரு கல்லூரி நீக்கிய வீரரை இன்னொரு கல்லூரி எடுக்கக் கூடாது என்று விதி செய்தது. இந்தியானாப் பல்கலைக்கழகம் 2017-ல் தனியாக இன்னும் கடுமையான விதி கொண்டுவந்தது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் நாடளாவிய என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2020-ல், வீரர்கள் ஆண்டுதோறும் இத்தகைய வழக்கு விவரங்களை அறிவிக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. யாரையும் தடுக்கவில்லை. சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கல்லூரியிடமே விட்டுவிட்டது. நம்மூரில் இதைக் கைகழுவுதல் என்போம்.

சரி, அம்மா, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள்.

முதல் காரியமாகப் பயிற்சியாளரை முடிவெடுக்கும் அறையை விட்டு வெளியே அனுப்புவேன். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. ஆஸ்போர்ன் நல்லவர். நல்லவர் என்பதால்தான் ஆபத்து. அவன் அவர் வளர்த்த பிள்ளை, அவள் அவருக்கு முகம் தெரியாத பெண். பிள்ளையின் வழக்கில் தகப்பன் நீதிபதியாக உட்காரலாமா? முடிவெடுக்கும் குழுவில் விளையாட்டுத் துறையின் சம்பளம் வாங்கும் ஒருவரும் இருக்கக் கூடாது. அந்தக் குழு புகார் வந்து எத்தனை நாளில் கூடும், யார் யாரைக் கேட்கும் என்பதெல்லாம் பருவம் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நட்சத்திர வீரன் கைதான திங்கட்கிழமை உட்கார்ந்து எழுதும் விதி, அவனுக்காக எழுதப்பட்டதாகவோ அவனுக்கு எதிராக எழுதப்பட்டதாகவோதான் இருக்கும். இல்லினாய் நீதிபதியின் தீர்ப்பை நான் இந்த இடத்தில் மதிக்கிறேன். அவனையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வழக்கறிஞரோடு வர விட வேண்டும்.

அடுத்தது, பாதுகாப்பையும் தண்டனையையும் வேறு வேறாக வைப்பது. இதில்தான் பெரும்பாலான கல்லூரிகள் சறுக்குகின்றன. தண்டனைக்குக் காத்திருக்கலாம். அவன் குற்றம் செய்தவனல்ல என்று எண்ணிக்கொண்டே விசாரிக்கலாம், 2020-ஆம் ஆண்டு டைட்டில் நைன் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. பாதுகாப்புக்குக் காத்திருக்க முடியாது. புகார் வந்த அன்று மாலையே எடைப் பயிற்சிக் கூடத்தின் அட்டவணையை எடுத்து வைத்து, அவளிடம் முதலில் கேட்க வேண்டும், உனக்கு எந்த நேரம் வேண்டும் என்று. மிச்ச நேரம் அவனுக்கு. சாப்பாட்டுக் கூடத்துக்கும் அப்படியே. எதிர்த்தரப்புக்கு நியாயமற்ற சுமை ஏற்றக் கூடாது என்று விதி சொல்கிறதே என்பார் கல்லூரி வழக்கறிஞர். காலை ஆறு மணிக்குப் பதிலாக மாலை ஏழு மணிக்கு இரும்பு தூக்குவது சுமையா?

வழக்கு பதிவாகி, எழுத்தில் சான்றும் இருந்தால், முடிவு வரும்வரை சீருடை வேண்டாம் என்பேன். உதவித்தொகையைத் தொட மாட்டேன், ஆலோசகரையும் நிறுத்த மாட்டேன். நிறுத்தத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழு திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் நான் உறுதியாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2025 ஜூலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே சம்பளம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஆண்டுக்கு ஒரு கல்லூரி 2 கோடி டாலருக்கு மேல் பங்கிடலாம். சீருடை இனி பிழைப்பு. பிழைப்பை நிறுத்த வேண்டுமானால் சான்றின் கனமும் கூட வேண்டும். அந்தக் கனத்தை எங்கே நிறுத்துவது என்று இந்த அரங்கில் உள்ள சட்டப் பேராசிரியர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். குற்றம் உறுதியானால் எனக்குக் குழப்பமில்லை. ஆட்டக் கணக்கு வேண்டாம், ஆண்டுக் கணக்கில் பேசுவோம். அந்த முடிவு எழுதிய ஏட்டைக் கல்லூரி மாறும்போது அவன் பெட்டியோடு சேர்த்து அனுப்புவோம்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு விண்ணப்பம் தனியே உண்டு. நிருபர்கள் மைக்கை நீட்டும்போது, நல்ல பையன், எனக்குத் தெரியும் என்று சொல்லாதீர்கள். அவள் மகளிர் அணியின் ஓய்வறையில் உட்கார்ந்து அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு விஷயம். செயலாளரிடம் நான் தொலைபேசியில் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், 400 மீட்டர் ஓடும் ஒரு பெண் காலைப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள். கூப்பிட்டுக் கேட்டேன். அதே மைதானத்தில் ஓடும் பையன் ஒருவன் பெயரைச் சொன்னாள். கன்னத்தில் விரல் தடம் மறைந்திருந்தது, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் மண்டலப் போட்டி. அவன் தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுகிறவன். பெரிதாக்க வேண்டாம் என்று மேலே சொன்னார்கள், எனக்கும் அது சரியென்றே பட்டது. அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு அவள் பயிற்சி நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றினேன்.

அவள் ஊருக்குக் கடைசிப் பஸ் மாலை ஐந்தரைக்கு. மூன்று நாள் வந்தாள்.